விதியா, அமீனாவா?

பெருமுக்கல் மலையடிவாரத்தில் ஒரு விவசாயத் தொழிலாளியின் குடிசை. அங்கே ஒரு நாள் சாயங்காலம் போயிருந்தேன். மனையைக் காலி பண்ணும்படி நிலத்துக்காரர் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். அதை விசாரிக்கத்தான் போனது. அந்த அக்காவின் மாமனாருக்குத் தகப்பன் காலத்திலிருந்து அவர்கள் அங்கேதான் குடியிருப்பு. கிழவர் போனார், மாமனார் போனார், போன வருஷம் புருஷனும் போய்ச் சேர்ந்தார். மூன்று தலைமுறை ஆண்களும் பண்ணை வேலை செய்து மாண்டார்கள். “இனி இந்த வீட்டிலிருந்து வேலைக்கு வர ஆள் இல்லை, மனை எதற்கு?” இதுதான் நிலத்துக்காரர் பேசுகிற நியாயம்.

வாசலில் அந்த அக்காவின் மகள் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். திண்டிவனம் போய்க் கல்லூரியில் இங்கிலீஷ் இலக்கியம் படிக்கிறாள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். பரீட்சைக்கு ஒரு கைடு வைத்து மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். தாமஸ் ஹார்டி என்பவர் 1891-ல் எழுதிய ‘டெஸ்’ என்ற நாவல். அதில் வரும் பெண் விதியின் கையில் அகப்பட்ட பேதை, அவள் என்ன முயன்றாலும் முடிவு முன்பே நிச்சயமாகிவிட்டது, ஆகையால் இது விதியின் கதை என்று விடை எழுதினால் மார்க்கு நிச்சயமாம்.

தாயாருக்கு மகள் அதைத் தமிழில் சொன்னாள். அக்கா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்ன பதில்: “வெள்ளக்காரப் பொண்ணுக்கும் நம்மள மாதிரிதானா? அப்ப தலையில எழுதறவன் எல்லா ஊருக்கும் ஒருத்தன்தான் போல, தம்பி.”

தோழர்களே! இந்த ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. காலேஜ் கைடும் கூலிக்காரத் தாயும் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள். ஒருத்தி அனுபவித்துச் சொல்கிறாள், இன்னொருவர் விற்றுக் காசு பண்ணுகிறார். யார் இந்த விதி என்பவர்? இவருடைய விலாசம் என்ன? நிலம் நீச்சு உண்டா? கோர்ட்டில் வக்காலத்து யார்? விசாரித்துப் பார்த்துவிடுவது என்று அந்த நாவலை இரவல் வாங்கி வந்தேன். நான் பத்தாவதோடு நின்றவன். ஓர் அகராதியும், பள்ளிக்கூட வாத்தியாராயிருந்து ஓய்வு பெற்ற ஒரு தோழருமாகச் சேர்ந்து மூன்று வாரத்தில் படித்து முடித்தோம்.

படித்த பிறகு சொல்கிறேன்: அந்த நாவலில் விதி இல்லை. அமீனா இருக்கிறான்.

கதையைக் கேளுங்கள். இங்கிலாந்தில் டார்செட் ஜில்லாப் பக்கம் ஒரு கிராமம். டெஸ்ஸின் தகப்பன் ஒரு குதிரை வண்டியில் சில்லறைச் சரக்கு ஏற்றி விற்றுப் பிழைக்கிறவன். குடிகாரன். ஒரு நாள் ராத்திரி தேன்கூட்டுப் பெட்டிகளைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். தகப்பன் குடித்துவிட்டுப் படுத்துவிட்டான். விடியுமுன் அந்தச் சின்னப் பெண் தம்பியைக் கூட்டிக்கொண்டு வண்டி ஓட்டிப் போகிறாள். அசதியில் கண் அயர்கிறாள். எதிரே வந்த தபால் வண்டியின் ஏர்க்கால் குதிரையின் மார்பில் பாய்ந்து குதிரை செத்துவிடுகிறது. நட்சத்திரக் கோளாறு என்கிற மாதிரிப் பேச்சு இந்த இடத்தில் வருகிறது. நட்சத்திரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஒரே ஒரு குதிரை. அதை நம்பி வீடு நிறையப் பிள்ளைகள். ஒரு சந்தை தவறினால் ஒரு வாரக் கஞ்சி போச்சு. அதனால்தான் பாதித் தூக்கத்தில் ஒரு பெண் வண்டி ஓட்டுகிறாள். நம்முடைய ஆலையில் மூன்றாம் ஷிப்டில் கண் அயர்ந்து இயந்திரத்தில் விரலைக் கொடுத்தவனைக் கேளுங்கள், இதில் எந்தக் கிரகம் நின்றது என்று அவன் சொல்லுவான்!

குதிரை போனதால் டெஸ் ஒரு பணக்கார வீட்டுக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே அந்த வீட்டுப் பிள்ளை அலெக் அவளைக் கெடுக்கிறான். குழந்தை பிறந்து செத்துப்போகிறது. பிறகு ஒரு பால் பண்ணையில் வேலை. ஏஞ்சல் கிளேர் என்று ஒரு பாதிரியார் மகன், முற்போக்கு பேசுகிறவன், அவளைக் கல்யாணம் பண்ணுகிறான். கல்யாண ராத்திரியில் அவன் தன் பழைய தப்பைச் சொல்கிறான், அவள் மன்னிக்கிறாள். அவள் தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறாள், அவன் விட்டுவிட்டு பிரேசிலுக்குக் கப்பல் ஏறிவிடுகிறான்! முற்போக்கின் லட்சணத்தைப் பார்த்தீர்களா? வாய்க்குள் இருக்கும் முற்போக்கு வீட்டு வாசற்படி தாண்டாது என்பது அந்த ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

அதன்பிறகு அவள் காட்டுப் பண்ணையில் கூலி. குளிரில் கிழங்கு தோண்டுகிறாள். பெண் கூலி மலிவு, அதனால் பெண்களை வைத்துக்கொள்கிறான் பண்ணைக்காரன் என்று ஹார்டி ஒளிக்காமல் எழுதுகிறார். ஆவியில் ஓடும் கதிரடிக்கும் இயந்திரத்தின் மேல் அவளை நிற்க வைத்துக் கட்டு அவிழ்க்கச் சொல்கிறார்கள். மற்றவர்களுக்காவது மூச்சு விட நேரம் கிடைக்கிறது. இயந்திரம் நிற்காததால் அவளுக்கு அதுவும் இல்லை. இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, இந்த மனுஷர் கதிரடிக்கிற களத்தைக் கிட்ட நின்று பார்த்தவர் என்று தெரிகிறது. வயலைத் தெரியாத எழுத்தாளன் இப்படி எழுத மாட்டான்.

இப்போதுதான் முக்கியமான இடம். கைடில் ஒரு வரி கூட இல்லாத இடம். தகப்பன் சாகிறான். அந்தக் குடும்பம் இருந்த வீடு மூன்று ஆயுள் குத்தகையில் இருந்தது. அதாவது மூன்று பேரைக் குறிப்பிட்டு, அந்த மூன்று பேரில் கடைசி ஆள் சாகிற வரைக்கும் வீடு உங்களுடையது என்று எழுதிக் கொடுப்பது அந்த நாட்டு வழக்கம். தகப்பன்தான் மூன்றாவது ஆயுள். அவன் கண்ணை மூடினதும் குத்தகை தீர்ந்தது. பண்ணைக்காரனுக்குத் தன் கூலியாட்களைக் குடிவைக்க அந்த வீடு வேண்டும். டெஸ்ஸின் நடத்தை சரியில்லை என்று ஊராருக்கும் ஒரு சாக்கு. தட்டுமுட்டுச் சாமானை வண்டியில் ஏற்றிக்கொண்டு விதவைத் தாயும் பிள்ளைகளும் புறப்படுகிறார்கள். போன ஊரில் பேசி வைத்த இடத்தை வேறொருவருக்கு விட்டுவிட்டார்கள். கோயில் சுவர் ஓரத்தில் கட்டிலைப் போட்டுப் படுக்கிறார்கள். பிள்ளைகள் தெருவில் கிடக்கிறபோது அந்தப் பழைய அலெக் வந்து நிற்கிறான்: என்னோடு வா, உன் தாயையும் பிள்ளைகளையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் போகிறாள். வேறு என்ன செய்வாள்? பிறகு புருஷன் திரும்பி வருகிறான், அவள் அலெக்கைக் கொல்கிறாள், அவளைத் தூக்கில் போடுகிறார்கள். மேலேயிருக்கும் ஏதோ ஒரு சக்தி அவளை வைத்து விளையாடி முடித்தது என்று தொனிக்கும்படி ஹார்டி கதையை மூடுகிறார்.

மேலேயிருக்கும் சக்தியா? அந்தக் குத்தகைச் சீட்டை எழுதியது யார்? கோயில் சுவர் ஓரத்தில் படுத்த ராத்திரி, அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கூரை இருந்திருந்தால் அலெக்கின் முகத்தில் அவள் காறித் துப்பியிருப்பாள். அதற்கு முன்பே அவனைக் கையுறையால் அடித்து ரத்தம் வரவழைத்தவள் அவள்! முதுகெலும்புள்ள பெண். அவளைப் பணிய வைத்தது வீட்டுக் குத்தகை.

ஹார்டியை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. அவர் நல்ல சாட்சி. பார்த்ததை எல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். டார்செட் விவசாயக் கூலிகளைப் பற்றி 1883-ல் தனியாகக் கட்டுரையே எழுதியவர். பதினாறு வயதில், 1856-ல், டார்செஸ்டர் சிறை வாசலில் மார்த்தா பிரௌன் என்ற பெண்ணைத் தூக்கில் போட்டதைக் கூட்டத்தில் நின்று பார்த்தவர். அடித்த புருஷனைக் கொன்றவள் அவள். ஆகவே தூக்குக் கயிறு எந்தக் கையிலிருந்து தொங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். சாட்சி சொன்னவர் தீர்ப்பு எழுதும்போது மட்டும் பேனாவை வானத்தின் பக்கம் திருப்பிவிட்டார். அவரையும் முழுக்கக் குறை சொல்லிப் பயனில்லை. ‘கிராபிக்’ என்ற பத்திரிகையில் இந்தக் கதை தொடராக வந்தபோது கனவான்கள் வீட்டுப் பெண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று சொல்லி முக்கியமான இடங்களை வெட்ட வைத்தார்கள். தண்ணீர் தேங்கிய பாதையில் ஏஞ்சல் பால்காரப் பெண்களைத் தூக்கிக்கொண்டு தாண்டுகிற இடத்தில், தூக்குவது ஆபாசம், தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளட்டும் என்று மாற்றச் சொன்னார்கள்! ஒரு பெண் கையைத் தொடுவதையே தாங்காத பத்திரிகை, வீட்டுக்காரனின் கையை மட்டும் தொட விடுமா?

அந்த டார்செட் ஜில்லாவிலேயே இன்னொரு முடிவு நடந்திருக்கிறது. இது நாவலில் இல்லை, சரித்திரத்தில் இருக்கிறது. ஹார்டி பிறந்தது 1840-ல். அதற்கு ஆறு வருஷம் முன்னால், அவர் பிறந்த வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில், டால்பட்டில் என்ற கிராமத்தில் ஆறு பேர் விவசாயக் கூலிகள். வாரத்துக்கு ஒன்பது ஷில்லிங்காக இருந்த கூலி எட்டாயிற்று, ஏழாயிற்று, ஆறாக்கப் போகிறோம் என்றார்கள். ஜார்ஜ் லவ்லெஸ் என்பவர் தலைமையில் சங்கம் வைத்தார்கள். சங்கம் வைத்தது குற்றமில்லை, ரகசியப் பிரமாணம் எடுத்தது குற்றம் என்று, கப்பற்படைக் கலகக்காரர்களுக்காகப் போட்ட பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, 1834-ல் டார்செஸ்டர் கோர்ட்டு ஏழு வருஷம் ஆஸ்திரேலியாவுக்குத் தீவாந்திர சிட்சை விதித்தது. அப்போது அவர்கள் தலையெழுத்து என்று உட்கார்ந்துவிட்டார்களா? லண்டன் தொழிலாளிகள் பெரும் ஊர்வலம் போனார்கள். ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினார்கள். 1836-ல் சர்க்கார் மன்னிப்பு வழங்கிற்று. கப்பல் ஏற்றியவர்களைக் கப்பலிலேயே திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

ஏன் டெஸ்ஸின் ஊர்க் கூலிகளில் ஒருவன் கூட இந்த ஆறு பேரின் பெயரைச் சொல்லவில்லை? இந்தக் கேள்விக்குத்தான் மார்க்கு போட வேண்டும்.

இதற்கு முந்தின தலைமுறைக் கவிகளைப் பற்றியும் கைடு ஒரு விதிக் கதை வைத்திருக்கிறது. கீட்ஸ் 25 வயதில் காசநோயில் செத்தார், ஷெல்லி 29 வயதில் கடலில் மூழ்கினார், பைரன் 36 வயதில் கிரேக்கத்தில் மாண்டார், அற்பாயுசு, விதி பொல்லாதது! கண்ணீர் விடலாம். ஆனால் பைரன் பிரபு 1812-ல் பிரபுக்கள் சபையில் எழுந்து, நாட்டிங்காம் நெசவாளிகள் இயந்திரத்தை உடைத்தால் தூக்கு என்ற மசோதாவை எதிர்த்துப் பேசினார் என்பதை ஏன் சொல்வதில்லை? 1819 ஆகஸ்ட் 16-ல் மான்செஸ்டரில் ஓட்டுரிமை கேட்டுத் திரண்ட தொழிலாளி ஜனங்கள் மீது குதிரைப் படையை ஏவி வெட்டினார்கள். இத்தாலியிலிருந்த ஷெல்லி அதைக் கேட்டுப் பாட்டு எழுதி அனுப்பினார். அச்சடித்தால் ஜெயில் என்று பயந்து சிநேகிதர் பெட்டியில் வைத்துவிட்டார். 1832-ல்தான் வெளிவந்தது. கவி செத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அவர் மூழ்கியது புயலில். பாட்டு மூழ்கியது சட்டத்தில்.

ஆலைத் தோழர்களுக்கு இனி ஒரு விஷயம். சார்லஸ் டிக்கன்ஸ் 1854-ல் ‘கஷ்ட காலம்’ என்று பொருள்படும் பெயரில் பஞ்சாலை நகரத்தைப் பற்றி நாவல் எழுதினார். புகைக்கூண்டும் கரித்தூசியும் ஒரே மாதிரித் தெருக்களுமாகப் பிரமாதமாக எழுதியிருக்கிறார், அதை மறுக்கவில்லை. அதில் ஸ்டீபன் என்று ஒரு நெசவாளி, உத்தமன். சங்கத்தில் சேரமாட்டேன் என்கிறான், தோழர்கள் ஒதுக்குகிறார்கள். முதலாளியிடமும் உண்மையைப் பேசுகிறான், அவன் வேலையை விட்டு விரட்டுகிறான். கடைசியில் மூடாமல் விட்ட பாழடைந்த சுரங்கக் குழியில் விழுந்து, எல்லாம் ஒரே குழப்பம் என்று புலம்பிக்கொண்டே நட்சத்திரத்தைப் பார்த்துச் சாகிறான். சங்கத் தலைவனாக வருகிறவனோ வாய்ச்சவடால்காரன். வேடிக்கை என்னவென்றால், அதே 1854 ஜனவரியில் டிக்கன்ஸ் பிரஸ்டன் நகரத்துக்கு நேரில் போய், பத்து சதவீதக் கூலி உயர்வு கேட்டு மாதக் கணக்கில் நின்ற நெசவாளிகளின் கூட்டத்தைப் பார்த்தவர். அந்தக் கூட்டத்தின் ஒழுங்கைத் தம் பத்திரிகையிலேயே பாராட்டியவர். கண் பார்த்தது ஒன்று, கதை முடித்தது வேறொன்று. குழியை மூடாமல் விட்டவன் பெயர் என்ன? அதை ஸ்டீபன் சாகிறபோதும் யாரும் அழுத்திக் கேட்கவில்லை.

நம் பக்கத்துப் புதுச்சேரியில் 1936 ஜூலை 30-ல் ஆலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 பேர் மாண்டார்கள். அதை ஒரு டிக்கன்ஸ் எழுதியிருந்தால் அந்தப் பன்னிரண்டு பிணத்தோடு முடித்து, நம்மை அழ வைத்து அனுப்பியிருப்பார். நிஜத்தில் அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் வந்தது. அந்த ஆலைகள் 2020-ல் இழுத்து மூடப்பட்டன. அதையும் காலத்தின் கோலம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். காலம் எந்த ஆலைக்கும் பூட்டு வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

முடிவுகள் எப்படித் தயாராகின்றன என்பதற்கு டிக்கன்ஸின் இன்னொரு நாவலே சாட்சி. 1861-ல் எழுதிய ‘பெரும் எதிர்பார்ப்புகள்’. பிப் என்ற ஏழைப் பையனுக்கு முகம் தெரியாத ஒருவர் பணம் அனுப்பிக் கனவானாக்குகிறார். அந்த ஒருவர் மாக்விச் என்ற தீவாந்திரக் கைதி. ஆஸ்திரேலியாவில் ரத்தம் சிந்திச் சம்பாதித்த பணம். பிப் காதலிக்கும் எஸ்டெல்லாவும் அவனும் கடைசியில் தெருவில் பார்த்துப் பிரிந்துபோவதாகத்தான் டிக்கன்ஸ் முதலில் முடித்திருந்தார். எட்வர்ட் புல்வர் லிட்டன் என்ற பிரபல நாவலாசிரியர் அச்சுப் பிரதியைப் படித்துவிட்டு, இது வேண்டாம், ஜனங்கள் வருந்துவார்கள், மாற்றும் என்றார். டிக்கன்ஸ் மாற்றினார். இருவரும் கைகோத்துப் போகிறார்கள். பார்த்தீர்களா தோழர்களே, பிரம்மா எழுதியதை ஒரு சிநேகிதர் ஒரு வார்த்தையில் அழிக்கிறார்! ஆனால் மாக்விச்சின் முடிவை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பிள்ளையைப் பார்க்க ஆசைப்பட்டு நாடு திரும்பிய குற்றத்துக்காக அவனுக்குத் தூக்குத் தண்டனை, ஜெயிலில் சாவு, சொத்து முழுவதும் சர்க்கார் கஜானாவுக்கு. அது அப்படியே நின்றது.

இந்தப் புல்வர் லிட்டனுக்கு ஒரு பிள்ளை, ராபர்ட் லிட்டன். அவரும் கவி. ஓவன் மெரிடித் என்று புனைபெயர் வைத்துக் காதல் காவியங்கள் எழுதினார். அந்தக் கவிராயரை 1876-ல் இந்தியாவுக்கு வைசிராயாக அனுப்பினார்கள். நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னார்களே, அது அவர் காலம்தான். 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியா ராணியை இந்தியச் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்தார். அதே மாதம் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை நம் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். எதற்கு? பஞ்ச நிவாரணச் செலவைக் குறைக்க! மண் வெட்டுகிற ஆண் கூலிக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியம், அதோடு கொஞ்சம் சில்லறை. ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்று நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும். சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ், அவரும் வெள்ளைக்காரர்தான், இது மனிதன் வேலை செய்து உயிர் வாழ்கிற அளவே இல்லை என்று சண்டை போட்டார். பம்பாய் மாகாணத்தில் நிவாரணக் கூலிகள் இந்தக் கூலியை ஏற்க மாட்டோம் என்று ஆயிரக்கணக்கில் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். பஞ்சத்தின் நடுவில் வேலைநிறுத்தம்! பட்டினி கிடந்தவன் விதியை நம்பினான் என்று எழுதுகிறவர்கள் இதைப் படிக்கட்டும். அத்தனையும் நடக்கும்போது தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த பிரதேசங்களில் மட்டும் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் மாண்டதாகக் கணக்கு. அதில் பெரும் பங்கு நம்முடைய மாகாணம்.

பெருமுக்கல்லிலிருந்து கிழக்கே மரக்காணத்துக்குப் போனால் பக்கிங்காம் கால்வாயைப் பார்க்கலாம். அதில் சென்னைப் பட்டணத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் சேர்த்த பகுதி அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியது. வெட்டியவர்கள் பெயர் தெரியாது, கால்வாய்க்குக் கவர்னர் பெயர்.

தகப்பன் ஒரு காதல் ஜோடியின் துக்க முடிவைத் தாங்காமல் மாற்றச் சொன்னவர். பிள்ளை இத்தனை லட்சம் குடும்பங்களின் முடிவைத் தர்பார் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர். காகிதத்தில் அழுவதற்கு உண்டான இளகிய மனசு, கஞ்சித் தொட்டியில் கல்லாகிப்போகிற விந்தையை எந்தக் கைடு விளக்கும்? மழை பொய்த்தது இயற்கை. ஒரு ராத்தல் என்று எழுதியது பேனா.

அந்தப் பஞ்சம் ஓய்ந்த கையோடு, 1879-ல், தமிழின் முதல் நாவல் அச்சாயிற்று. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. பிள்ளையவர்கள் நல்ல மனுஷர். பஞ்சத்தில் கைப்பணம் செலவழித்து ஏழைகளுக்கு உதவினார், பஞ்சத்தைப் பற்றிக் கீர்த்தனைகளும் பாடினார். நாவலிலோ கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் ஓர் ஊருக்குப் போக, யானை மாலை போட்டு ராஜாவாக்குகிறது. எல்லாரும் சுகமாக வீடு திரும்புகிறார்கள். விதி அங்கே யானையாக வருகிறது. பண்ணையாளுக்கு மாலை போட்ட யானையை நான் படித்த எந்தக் கதையிலும் காணவில்லை. அதே 1879-ல் லண்டனில் ரெயினால்ட்ஸ் என்ற நாவலாசிரியர் இறந்தார். அவருடைய கதைகளை நம் ஆரணி குப்புசாமி முதலியார் தழுவித் தமிழில் கொட்டிக் குவித்தார். நானும் பழைய நூலகத்தில் விடிய விடியப் படித்திருக்கிறேன். திருப்பத்துக்கு மேல் திருப்பம், கடைசியில் கெட்டவன் கெடுவான். அந்த ரெயினால்ட்ஸ் 1848-ல் லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, ஓட்டுரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் தொழிலாளர் இயக்கத்தில் தலைவராக நின்றவர் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. திருப்பங்கள் கடல் தாண்டி வந்துவிட்டன. கூட்டம் வரவில்லை.

இவ்வளவையும் மூட்டை கட்டிக்கொண்டு மறுபடி அந்தக் குடிசைக்குப் போனேன். மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அக்காதான் மலையைக் காட்டினாள். “சீதைக்கே அந்தக் கதி. நம்ம எம்மாத்திரம்?”

வெளியூர்த் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும். பெருமுக்கல் மலைமேல் ஒரு குகை உண்டு. ஆதி மனிதர்கள் கல்லில் கீறிய உருவங்கள் அங்கே இருக்கின்றன. ஊர் ஜனங்கள் அதைச் சீதை குகை என்பார்கள். பிள்ளைத்தாய்ச்சியாகக் காட்டில் விடப்பட்ட சீதை லவனையும் குசனையும் இங்கேதான் பெற்றாள் என்பது அவர்கள் சொல்லும் கதை. ஆடு மேய்க்கிறவர்களும் விறகு பொறுக்குகிறவர்களும் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள்.

நான் சொன்னேன்: “அக்கா, கம்பர் ராமர் பட்டாபிஷேகத்தோடு கதையை நிறுத்திவிட்டார். அங்கே நிறுத்தினால் அது மங்கள முடிவு. பின்னால் வரும் உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடியதாகச் சொல்வார்கள். அதில்தான் சீதை காட்டுக்குப் போகிறாள், கடைசியில் பூமிக்குள் போகிறாள். நம்ம ஊர்ச் சனங்கள் பட்டாபிஷேகத்தை விட்டுவிட்டு, அந்தப் பிரசவ வேதனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஒரு குகைக்கே பெயர் வைத்துவிட்டார்கள் பாருங்கள். எங்கே நிறுத்துகிறோமோ அதுதானே முடிவு?”

புதுமைப்பித்தன் 1943-ல் எழுதிய ‘சாப விமோசனம்’ கதையையும் சொன்னேன். ராமன் கால் பட்டுக் கல்லிலிருந்து பெண்ணான அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் அதே ராமன் என்று கேள்விப்பட்டதும் மறுபடி கல்லாகிவிடுகிறாள். அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. “அந்தம்மா செஞ்சதுதான் சரி,” என்றாள். பிறகு, “ஆனா கல்லாப் போயிட்டா கூலிக்கு யார் போறது?” என்று சிரித்தாள். புதுமைப்பித்தனுக்கு இவ்வளவு நறுக்கென்று பதில் சொன்ன விமர்சகரை நான் பார்த்ததில்லை.

மகள்தான் கடைசியில் கேட்டாள்: “அண்ணே, அப்ப பரீட்சையில இன்னா எழுதறது? கைடுல இருக்கறத எழுதாட்டி மார்க்கு குறைஞ்சிட்டா?”

நியாயமான பயம். அந்த மார்க்கில்தான் அவள் வேலையும், தாயார் நடவுக்குப் போகாமல் உட்காருகிற நாளும் இருக்கிறது. விதியை எதிர்த்து எழுதி மார்க்கு போனால் நான் போய்ப் பதில் சொல்ல முடியாது. அதையே சொன்னேன். விதி என்ற வார்த்தையை அழிக்க வேண்டாம், முதலில் அதையே எழுது, அதற்குக் கீழே தகப்பன் சாவு, மூன்றாவது ஆயுள், வீடு காலி, கோயில் சுவர் ஓரத்துக் கட்டில், இந்த நாலையும் வரிசையாக எழுது, திருத்துகிறவரும் எங்கேயோ வாடகை வீட்டில் இருக்கிறவராகத்தான் இருப்பார் என்றேன். அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தைப் புரட்டி அந்த அத்தியாயத்தைத் தேடி எடுத்து, முழங்காலில் வைத்துக் கீழே கோடு போட ஆரம்பித்தாள். பாதியில் நிமிர்ந்து, “நம்ம வூட்லயும் தாத்தாவோட அப்பா, தாத்தா, அப்பா. மூணு ஆயுசு,” என்றாள்.

“அங்கே சீட்டில் அப்படி எழுதியிருந்தது. இங்கே நிலத்துக்காரர் வாயால் சொல்கிறார். இங்கே வேறு சட்டம் இருக்கிறது,” என்றேன். 1971-ம் வருஷத்துக் குடியிருப்புச் சட்டம். அன்றைக்குப் பிறர் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையையே சொந்தமாக்கிய சட்டம். 1971-ல் இந்தக் குடிசையில் தாத்தா குடியிருந்தார் என்று காட்ட வேண்டும். வோட்டர் லிஸ்டு, பழைய ரேஷன் கார்டு, வரி ரசீது, பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் போட்ட விலாசம், எது இருந்தாலும் எடுங்கள், திங்கட்கிழமை விழுப்புரத்தில் கலெக்டர் மனு வாங்குகிற நாள், போகலாம் என்றேன். மனுவை மகளே எழுதுவதாகச் சொன்னாள்.

அக்கா கை விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.